பஞ்சாலை காப்பி குடிக்கப் பழகியது

கல்யாணமான நாளிலிருந்து புருஷனுக்கு விடிகாலையில் பால் விடாத கறுப்புக் காப்பியான கோப்பி ஓ கலக்கிக் கொடுத்தவள் பஞ்சாலை. ஒரு நாளும் அதை அவள் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. அவளுக்குத் தேத்தண்ணிதான். கோப்பி என்பது லாபுவில் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் லோரி ஓட்டிய நல்லசாமியின் சாமான். அவருடைய சவரக்கத்தி மாதிரி, அவருடைய பெல்ட் மாதிரி. அதை அவள் தொடுவாள், கழுவுவாள், எடுத்து வைப்பாள். அவ்வளவுதான்.

நல்லசாமியின் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு அந்தக் கோப்பியும் நின்றது. உடம்புக்குள் போகிற தண்ணீர் வெளியேற வழி இல்லை. அதனால் அளந்துதான் குடிக்க வேண்டும். காலையில் பஞ்சாலை ஒரு சின்னப் போத்தலில் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைப்பாள். அன்றைக்கு முழுக்க அவருக்கு அதுதான்.

ஒரு மத்தியானம் அவள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஏதோ உறுத்த, நிமிர்ந்தாள். நல்லசாமி அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு மடக்குக்கும் ஏறி இறங்கும் தொண்டையை மட்டும். அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து அவர் கண்ணெதிரே அவள் எதையும் குடிப்பதில்லை.

வாய் உலர்ந்தவருக்குப் பேச்சும் உலர்ந்துவிட்டது. மகன் ஷங்கர் ஜொகூரில் இருந்தான். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவனுக்கு போன் பேசவே நேரமில்லை. தாமான் குடியிருப்பில் அக்கம்பக்கத்து வீடுகள் பகலெல்லாம் பூட்டிக் கிடந்தன. எல்லாரும் நீலாயிலோ சிரம்பானிலோ வேலையில் இருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் செம்பனை வரிசை ஆரம்பித்துவிடும். அங்கே குலை வெட்டுகிற வங்காளதேசத்துப் பையன்களின் குரல் எப்போதாவது கேட்கும். மற்றபடி டிவிதான்.

திங்கள், புதன், வெள்ளிகளில் ஒரு வேன் வந்து இருவரையும் ரஹாங்குக்கு ஏற்றிப் போகும். கடைவீடு ஒன்றின் மாடியில் டயாலிசிஸ் நிலையம். நல்லசாமியை மெஷினோடு இணைத்த பிறகு கூட வந்தவர்கள் உள்ளே இருக்கக் கூடாது. பஞ்சாலை கீழே இறங்கி கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மழை சாய்ந்து அடித்தது. ஐந்தடி முழுக்க நனைந்தது. அடுத்த கதவு ஒரு காப்பிக்கடை. கண்ணாடிக் கதவும் மஞ்சள் விளக்குமாக இருந்த புதுக்கடை. அதற்குள் இளசுகள் போவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கதவுக்கு வெளியே நின்றாள். பிறகு சேலை முந்தானையைப் பிழிந்துவிட்டு உள்ளே போனாள்.

கல்லாவில் முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் சிரித்தாள். “ஆன்ட்டி, என்ன குடிக்கிறீங்க?” என்று மலாயில் கேட்டாள். சுவரில் கரும்பலகை நிறைய ஆங்கிலம். பஞ்சாலைக்கு மலாய் நன்றாகப் பேச வரும், ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். பின்னால் ஆள் நிற்கவே, எழுத்துக் கூட்ட அவகாசம் இல்லாமல் முதல் வரியைக் கைகாட்டினாள்.

வந்தது ஒரு குட்டிக் கோப்பை. பொம்மைச் சொப்பு மாதிரி இருந்தது. அதற்குள் பாதி அளவுக்குக் கறுப்பாக ஏதோ. எடுத்து ஒரே வாயில் விட்டுக்கொண்டாள். நாக்கு சுருண்டது. வேப்பங்கொழுந்தையும் தீய்ந்த சட்டியையும் சேர்த்து அரைத்த மாதிரி இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் மனசில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட விழுங்கினாள்.

பக்கத்து மேசையில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள்.

“அது எஸ்பிரஸோ, பிள்ளை. பழகினவைக்கே அது கஷ்டம். நீங்கள் பாலோட தொடங்கியிருக்க வேணும்.”

நரைமுடியைக் குட்டையாக வெட்டி, பூப்போட்ட கவுன் போட்ட ஒரு அம்மாள். மாடி நிலையத்தில் பார்த்த முகம்தான். கண் சரியாகத் தெரியாத ஒரு பெரியவரைக் கைப்பிடித்து அழைத்து வருவார். அந்தத் தமிழைக் கேட்டதும் பஞ்சாலைக்குப் புரிந்துவிட்டது. சிலோன்காரங்க. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய கிராணி பேசிய தமிழ் அது. அவளுடைய அப்பா அந்த ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார். அவளுக்குத் தன்னையறியாமல் முதுகு நேரானது.

“பரவால்லங்கம்மா,” என்றாள்.

“என்ன அம்மா? என்ர பேர் பேபி. இங்க வந்து இருங்கோ. அந்த வாயைக் கழுவ ஏதாவது வாங்கித் தாறன்.”

அன்று பேபி வாங்கிக் கொடுத்தது மோக்கா. மைலோவும் காப்பியும் கலந்தது போல இருந்தது. பஞ்சாலை அதை ஆற அமரக் குடித்தாள். தான் குடிப்பதை யாரும் உற்றுப் பார்க்கவில்லை என்பது பாதிக் கோப்பை காலியான பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அப்படித்தான் அது தொடங்கியது. வேன் வந்து சேரும். இரண்டு ஆண்களும் மாடியில் அடுத்தடுத்த நாற்காலியில் சாய்வார்கள். இரண்டு பெண்களும் கீழே காப்பிக்கடைக்குப் போவார்கள். பேபி கெமாஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புருஷர் அருட்செல்வன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஒரே மகள் தர்மினி மெல்போர்னில். ஆர்டர் கொடுப்பது எப்போதும் பேபிதான். பஞ்சாலையைக் கேட்கமாட்டார், கல்லாவுக்குப் போய் ஏதோ சொல்லிவிட்டு வருவார். இன்றைக்கு என்ன வரப்போகிறது என்று பஞ்சாலை சின்னப் பிள்ளை மாதிரி காத்திருப்பாள்.

லாட்டே வந்தபோது, “என்னாக்கா, வெறும் பாலு. கோப்பி பக்கத்து ரோட்டுல நடந்து போன மாதிரி இருக்கு,” என்றாள். பேபி குலுங்கிச் சிரித்தார். கப்புச்சினோவின் நுரை மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது தெரியாமல் அவள் மாடிக்கே போய்விட்டாள். நர்ஸ் பெண் டிஷ்யூ நீட்டினாள். ஐஸ் போட்டது அவளுக்குச் சரிப்படவில்லை. தண்ணீர்க் காப்பி, பல் கூசுது என்றாள். ஒருநாள் வந்தது புளித்தது. கெட்டுப்போச்சா என்று ரகசியமாகக் கேட்டாள். மலாய்ப் பெண்ணே வந்து, இது வேறு நாட்டுக் கொட்டை, குறைவாக வறுத்தது, பழம் மாதிரி புளிக்கும் என்றாள். “பழம்தான் லா, புளிச்ச பிலிம்பிங் பழம்,” என்று பஞ்சாலை மலாயில் சொல்ல, அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

முதலில் சீனி இரண்டு பாக்கெட் போட்டவள் ஒன்றாக்கினாள். பிறகு ஒன்றை மேசைமேல் வைத்துக்கொண்டு, வேண்டுமா என்று யோசிப்பாள். ஒரு புதன்கிழமை பேபி அவளுக்கு ஃபிளாட் ஒயிட் வாங்கி வந்தார். பால் குறைச்சல், காப்பி தூக்கல். சீனி போடாமலே ஒரு வாய் குடித்தாள். கசப்பு வந்தது; ஆனால் போகும்போது வேறு ஏதோ ஒன்றை விட்டுப்போனது. தோல் நீக்காத வறுத்த கச்சான் கடலையைச் சூட்டோடு மென்றால் கடைசியில் நிற்குமே, அது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த ருசி போகிற இடம் வரை போய்ப் பார்த்தாள்.

“என்ன, நித்திரையோ?” என்றார் பேபி.

“இல்லக்கா. இப்பதான் தெரியுது.”

“என்ன தெரியுது?”

“அவரு ஏன் இது இல்லாம லோரி எடுக்க மாட்டாருன்னு.”

பேபி கோப்பையைக் கீழே வைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்: “பஞ்சாலை, நீங்கள் வீட்டில எங்க நிண்டு தண்ணி குடிக்கிறீங்கள்?”

பஞ்சாலை திடுக்கிட்டாள். “பொறத்தால. துணி துவைக்கிற எடத்துல.”

“நான் குளியலறைக்குள்ள. கதவைப் பூட்டிப்போட்டு, சத்தம் கேக்காமல் இருக்க பைப்பைத் திறந்து விட்டிட்டு. அவருக்குக் கண்தானே தெரியாது, காது நல்லாக் கேக்கும்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேபிதான் முதலில் சிரித்தார். பிறகு பஞ்சாலை. திருட்டுத் தண்ணி குடிக்கிற இரண்டு கிழவிகள் என்று பேபி சொன்னதும் இருவருக்கும் அடக்க முடியவில்லை. கடையில் இருந்த இளசுகள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் பேபி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பின் கண்ணீர் மட்டுமில்லை என்று பஞ்சாலைக்குத் தெரிந்தது. அவள் கையை நீட்டி பேபியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவை ஜன்னலுக்கு வெளியே நிறுத்திய எதுவும் அந்த மேசையில் இல்லை.

அன்று திரும்புகிற வேனில் நல்லசாமி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். டயாலிசிஸ் முடிந்தால் எப்போதும் அப்படித்தான், அடித்துப்போட்ட மாதிரி. லாபு ரோட்டில் திரும்பியபோது கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“ஒம்மேல கோப்பி வாசம் அடிக்குது.”

பஞ்சாலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “அக்கா வாங்கிக் குடுத்தாங்க.”

“ரொம்ப நாளாவே அடிக்குது.”

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமா, ஏக்கமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு கடையிலிருந்து கிளம்பும்முன் வாயைக் கொப்பளித்து, முகம் கழுவி, முந்தானையை உதறிக்கொண்டுதான் மாடியேறினாள். அப்படியும் வாசம் போனதாக அவளுக்குத் தோன்றவில்லை.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை பேபி வரவில்லை. அருட்செல்வனுடைய நாற்காலி காலியாக இருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று பஞ்சாலை நினைத்தாள். புதன்கிழமை அந்த நாற்காலியில் வேறொருவர், ஒரு சீனக் கிழவர் சாய்ந்திருந்தார். நர்ஸ் பெண்ணைக் கேட்டாள்.

“அங்கிள் இறந்துட்டாரு ஆன்ட்டி. சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமையே அடக்கம் பண்ணிட்டாங்களாம். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. அவளிடம் பேபியின் போன் நம்பர்கூட இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நம்பர் எதற்கு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் சாவு விழுந்தபோது யார் யாருக்கோ சொல்லியிருப்பார்கள். சர்ச்சுக்காரர்கள், பேங்கில் கூட வேலை பார்த்தவர்கள், வாத்தியாரின் பழைய மாணவர்கள். பஞ்சாலை என்று ஒருத்தி இருப்பது அவர்கள் யாருக்கும் தெரியாது.

கால் பழக்கத்தில் காப்பிக்கடைக்குள் போய்விட்டாள். கல்லாவின் முன் நின்றாள். மலாய்ப் பெண், “இன்னொரு ஆன்ட்டி எங்கே?” என்றாள். பஞ்சாலை தலையை மட்டும் அசைத்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவளாகக் கேட்டு வாங்கியதில்லை. எது பிடிக்கும் என்று தெரியும், ஆனால் அதை வாயால் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணே பரிதாபப்பட்டு, “எப்பவும் குடிக்கிறதா?” என்று கேட்டு ஃபிளாட் ஒயிட் போட்டுக் கொடுத்தாள். பஞ்சாலை வழக்கமான மேசையில் உட்கார்ந்தாள். எதிரே ஆளில்லாமல் குடித்தபோது அது வெறும் சூடாக இருந்தது. பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நல்லசாமியை மெஷினில் இணைத்ததும் அவள் நடக்க ஆரம்பித்தாள். மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் பின்னால், பச்சைக் கேட், கேட்டுக்குள் ஜம்பு மரம் என்று பேபி எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு மூன்று சந்து தவறிப் போய், ஒரு வீட்டில் விசாரித்து, கடைசியில் அந்தக் கேட்டைக் கண்டுபிடித்தாள். கூப்பிட்டாள். முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி அரைக்கால் சட்டையோடு வெளியே வந்தாள். கையில் பசை நாடா. பின்னால் ஹாலில் அட்டைப்பெட்டிகள்.

பஞ்சாலை வாய் திறக்கும்முன் அந்தப் பெண் உள்ளே திரும்பி, “அம்மா, வீடு துப்புரவு செய்ய ஆள் வந்திருக்கினம்!” என்றாள். பிறகு இவளிடம், “பின்பக்கமா வாங்கோ ஆன்ட்டி, முன்னுக்கு எல்லாம் சாமான்,” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

பஞ்சாலை கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். தன் சேலையைப் பார்த்தாள், ரப்பர் செருப்பைப் பார்த்தாள். திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

“தர்மினி!” உள்ளிருந்து பேபியின் குரல் வந்தது. பின்னாலேயே அவரும் வந்தார். மெலிந்திருந்தார்; கவுன் தோளில் தொங்கியது. “அது என்ர சிநேகிதி. முன்கதவைத் திற.”

மகள் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். பரவால்ல அம்மா, பரவால்ல என்று பஞ்சாலை திரும்பத் திரும்பச் சொன்னாள். பேபி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் சோபாவில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். சுவரில் மாலை போட்ட அருட்செல்வன் படம். இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“சொல்லியனுப்ப வழி தெரியேல்லை, பஞ்சாலை.”

“தெரியும்க்கா.”

“வார மாசம் இவளோட போறன். வீட்டை விக்கச் சொல்லியாச்சு. தனிய இருக்க வேண்டாம் எண்டு சொல்லுறாள்.”

“நல்லதுதான்க்கா. மக கூட இருக்கிறது நல்லதுதான்.”

தர்மினி பாலும் சீனியும் சேர்ந்தே வரும் மூன்று-ஒன்று பாக்கெட் காப்பி கலக்கிக் கொண்டுவந்தாள். மற்றதெல்லாம் பெட்டியில் போய்விட்டதாகச் சொன்னாள். பஞ்சாலை ஒரு வாய் குடித்தாள். சீனிப்பாகாக இருந்தது. முன்னொரு காலத்தில் இது அவளுக்கு ருசித்திருக்கும். பேபி கோப்பையைத் தொடவே இல்லை.

“இப்ப எவ்வளவு வேணுமெண்டாலும் நடு ஹாலில இருந்து தண்ணி குடிக்கலாம்,” என்றார் மெதுவாக. “ஒருத்தரும் கேக்கமாட்டினம். தொண்டைக்குள்ள இறங்குதில்லை.”

பஞ்சாலை பேபியின் கோப்பையை எடுத்து அவர் கையில் வைத்து, தன் கையால் மூடிக்கொண்டாள். “ஒரு வாய்க்கா. எனக்காக.” பேபி குடித்தார். முகத்தைச் சுளித்தார். “இது கோப்பியே இல்லை,” என்றார். “இல்லவே இல்லக்கா,” என்றாள் பஞ்சாலை. உள்ளே தர்மினி பெட்டிக்கு நாடா ஒட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மெஷின் முடிகிற நேரமாகிவிட்டது. நம்பர் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். கேட்டுவரை வந்த பேபி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்படி யாரும் அவளைக் கட்டிப்பிடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. கைகளை எங்கே வைப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வேனில் அவள் நல்லசாமியிடம், “அக்கா வூட்டுக்காரரு தவறிட்டாரு. நீங்க பாத்திருப்பீங்களே,” என்றாள்.

“தெரியும். திங்கக்கெழமையே நர்ஸு சொல்லிச்சு.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

நல்லசாமி தன் கையைப் பார்த்தார். ஊசி போட்டுப் போட்டு நரம்பு புடைத்த கை. “பக்கத்து நாக்காலி. சொன்னா ஒனக்கு என்ன தோணும்? அடுத்தது இவருன்னு தோணும். எனக்கே தோணிச்சு.”

வேன், நிலையத்தின் மற்ற நோயாளிகளை இறக்கிக்கொண்டே போனது. மறுபடி அவரே சொன்னார்: “நல்ல மனுஷன். கண்ணு தெரியாது, ஆனா கத பேசுவாரு. அவங்க ரெண்டு பேரும் கீழ இப்ப என்ன குடிக்கிறாங்களோன்னு கேப்பாரு. நான் ஒண்ணு சொல்லுவேன், அவரு ஒண்ணு சொல்லுவாரு. அதுலயே நேரம் போயிரும்.”

பஞ்சாலை அவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் தன் முந்தானையை உதறிக்கொண்டு மாடியேறியதை நினைத்தாள்.

“இன்னிக்கு என்ன குடிச்ச?” என்றார்.

“பாக்கெட் கோப்பி. நல்லா இல்ல.”

“அதுக்கு முந்தி குடிச்சது?”

அவள் சொன்னாள். பால் எவ்வளவு, கசப்பு எப்படி வந்தது, பிறகு வறுத்த கச்சான் மாதிரி எது நின்றது. சொல்லத் தெரிந்த அளவுக்குச் சொன்னாள். அவர் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு கேட்டார். பாதியில் தூங்கிப்போனார். அவள் வீடு வரும்வரை அவர் தலை ஜன்னலில் இடிக்காமல் தோளைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பேபி மெல்போர்ன் போய் இரண்டு தடவை வீடியோவில் கூப்பிட்டார். அங்கே தெருவுக்குத் தெரு காப்பிக்கடை, எல்லாம் அருமையான காப்பி என்றார். “ஆனால் ஆர் இருக்கினம், பஞ்சாலை, ‘கோப்பி பக்கத்து ரோட்டுல நடந்து போச்சு’ எண்டு சொல்ல?” அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு அழைப்பு குறைந்தது. இவள் கூப்பிட்டால் தர்மினி எடுத்து, அம்மா படுத்திருக்கிறார் என்பாள்.

பஞ்சாலை காப்பிக்கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் கல்லாவில் நின்று, பலகையை நிதானமாக எழுத்துக் கூட்டினாள். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டாள். பேபி ஒரு தடவைகூட வாங்கித் தராத ஒன்றை, லோங் பிளாக்கை, மலாயில் கேட்டாள். “பால் வேண்டாம். சீனி வேண்டாம்.”

“கசக்கும் ஆன்ட்டி,” என்றாள் அந்தப் பெண்.

“தெரியும்.”

ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். முதல் வாய் கசந்தது. இரண்டாவது வாயில் நல்லசாமியின் கோப்பி ஓ இப்படித்தான் இருந்திருக்குமா என்று நினைத்தாள். இருக்காது, அதில் அவள் சீனி அள்ளிப் போடுவாள். திரும்புகிற வேனில் இதைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது என்று வார்த்தை தேடினாள். மூன்று கல்லூரிப் பெண்கள் உள்ளே வந்தார்கள். ஒருத்தி எதிர் நாற்காலியின் முதுகில் கை வைத்து, யாராவது வருகிறார்களா, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

“எடுத்துக்கோம்மா,” என்றாள் பஞ்சாலை.

நாற்காலி தரையில் உரசிக்கொண்டு போனது. அவள் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து அடுத்த வாய் குடித்தாள்.